கதவோரம் இரண்டு சாக்பீஸ் கோடு

அந்தக் கட்டிடத்தில் குடியிருந்த அத்தனை பேரும், தையல்காரம்மாவுக்கு வேலை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு மெஷின் சத்தம் ஆரம்பித்தால் ராத்திரி சாப்பாடு வரைக்கும் ஓயாது. மூன்றாம் மாடிக்காரி பொறாமையில் பெருமூச்சுகூட விட்டாள். பாதி நேரம் அந்த மெஷினில் துணியே கிடையாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

விஷயம் இதுதான். உள்ளே நாலு வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. நாலு வயது என்றால் ஓடத்தானே செய்யும்? அது எழுந்து ஓட ஆரம்பித்தால் தையல்காரம்மா பாய்ந்து வந்து மெஷினை மிதிப்பாள். கடகடவென்று அந்தச் சத்தத்தில் குழந்தையின் சத்தம் அமுங்கிவிடும். வீட்டுக்காரரிடம் "நான் ஒருத்திதான்" என்று சொல்லி எடுத்த வீடு அது. இப்போது அதில் மூன்று பேர்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் தங்கைக்காரி ஒரு கையில் மாவுக்கட்டோடும் மறுகையில் குழந்தையோடும் வந்து நின்றாள். கையை உடைத்தது அவளைக் கட்டினவன். லாரிக்காரன். "ஓடிப் போனா எந்த ஊர்ல இருந்தாலும் தேடி வந்து ரெண்டு பேரையும் கொன்னு போட்டுடுவேன்" என்று சொன்னவன், சொன்னதைச் செய்கிறவன். அந்த மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசி முடித்தது யார் என்கிறீர்கள்? இந்த அக்காதான். குடிக்க மாட்டான், வண்டி சொந்தம் என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டு, தாய் இல்லாத தங்கையைத் தூக்கிக் கொடுத்தாள். அது அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு தடவை கெடுத்தாச்சு, இன்னொரு தடவை கெடுக்கக் கூடாது. அவள் ஊர் மாறி வந்தது அவனுக்குத் தெரியாது; இந்த வீடும் தெரியக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

அதற்காக, பொய்யே வராத வாயால் பொய் சொன்னாள். தைத்தது போக மிஞ்சிய துணியை, விரற்கடை அளவு என்றாலும் மடித்துத் திருப்பிக் கொடுக்கிறவள் அவள். "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காது" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லி வாடிக்கையை இழந்தவள். அவள், கொடியில் காயும் சின்னக் கவுனைக் காட்டி "ஆர்டர் துணிங்க" என்றாள். பால் கூடுதலாக வாங்கினால் "எனக்கு டீ இல்லாம கை ஓடாது" என்றாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்களே, அவளுக்கு வாசற்படி தாண்டினாலே பயம்.

இந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்கு அந்த ஆள் குடிவந்தார்.

ஐம்பதைத் தாண்டியவர், தனி ஆள். விடியுமுன்னே கிளம்பிப் போவார். பத்து மணிக்கு முழங்கால் இரண்டிலும் மண்ணோடு திரும்புவார். கையில் ஆள் உயரத்துக்கு ஏதோ ஒன்று, பழைய போர்வையில் சுற்றி. யாரிடமும் பேச்சு இல்லை. மத்தியானம் எல்லாரும் அடங்கின பிறகு வெளியே வருவார். மாடிப்படிச் சுவரில் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு நிற்பார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பிறகு இரண்டு எட்டு நகர்ந்து மறுபடியும் காதை வைப்பார். தையல்காரம்மா இதைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

"சுவருக்கும் காது உண்டுன்னு சொல்வாங்க. இந்தச் சுவருக்குக் காது முளைச்சு மீசையும் முளைச்சிருக்குடி" என்றாள் தங்கையிடம். அன்றிலிருந்து அவருக்கு ஒட்டுக்காது என்று பெயர்.

ஒருநாள் குப்பைக் கூடையோடு கதவைத் திறந்தால், ஒட்டுக்காது அங்கேயே நிற்கிறார். கண்ணைத் திறக்காமலே ஒரு கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம்மா, அசையாதீங்க" என்றார். அவள் அப்படியே நின்றாள். பிறகு அவர் கண்ணைத் திறந்து, சங்கடமாகச் சிரித்து, உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் படியில் எதிரே வந்தவர், பேசலாமா வேண்டாமா என்று தயங்கி நின்று, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அம்மா, துணி இல்லாம மெஷினை ஓட்டாதீங்க. துணியைத் தள்ளற பல்லு தேஞ்சிடும்."

பூட்டின கதவுக்குள், மெஷினில் துணி இருக்கா இல்லையா என்று ஒரு மனுஷனுக்குத் தெரிகிறது என்றால், இன்னும் என்னென்ன தெரியும்? "யார் சொன்னா? துணியோடதான் ஓட்டறேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்து, கதவை இரண்டு தாழும் போட்டாள்.

மறுநாள் அவள் கதவை ஒட்டின சுவரில், இடுப்பு உயரத்துக்கு, சாக்பீஸால் ஒரு கோடு. அதற்கு மறுநாள் பக்கத்திலேயே இரண்டாவது கோடு. கட்டிடத்தில் வேறு எந்தக் கதவுக்கும் கோடு கிடையாது. மேலும் கீழும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டாள்.

"அடையாளம் வைக்கிறான்டி. லாரிக்காரன் அனுப்பின ஆளேதான். இந்த வீடுதான்னு கோடு போட்டுக் காட்டறான்."

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "அவன் ஆளா இருந்தா கோடு எதுக்குக்கா? போன்ல சொன்னா முடிஞ்சுது."

"உனக்கு எல்லாம் விளையாட்டா இருக்கு! நாளைக்கு மூணாவது கோடு விழறப்போ அவனே வந்து நிப்பான். நான் போலீசுக்குப் போறேன்."

"போலீஸ் மட்டும் வேணாம்க்கா. கும்பிட்டுக் கேக்கறேன். அவங்க நூறு கேள்வி கேப்பாங்க. நமக்குச் சொல்ல ஒரு பதில் கிடையாது."

தங்கை சொன்னது நியாயம்தான். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் ஆயிற்றே. மறுநாள் மத்தியானம் "நூல் வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு நேரே ஸ்டேஷனுக்கு நடந்தாள். அங்கே பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே சுவர் முழுக்கக் காணாமல் போனவர்களின் படம். அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போலீஸ்காரர் நல்ல மாதிரிதான். தண்ணீர் கொடுத்து, எழுதிக்கொண்டார். "வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நான் மட்டும்தான்."

"தனியா இருக்கறவங்க என்ன பேசுவீங்கன்னு அந்த ஆள் ஒட்டுக் கேக்கறான்?" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "சரி வாங்க, இப்பவே பார்த்துடலாம்."

இப்பவே என்பதை அவள் எதிர்பார்க்கவில்லை. அந்த ஆளைக் கூப்பிட்டு மிரட்டுவார்கள், அதோடு முடியும் என்று கணக்குப் போட்டிருந்தாள். வழி முழுக்க, "நீங்க சிரமப்பட வேணாம் சார்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் கேட்கவில்லை.

படியேறினால், கையும் களவுமாக! ஒட்டுக்காது அவள் கதவோரம் மண்டியிட்டு, இரும்புக் கம்பி ஒன்றைச் சுவரில் ஊன்றி, அதன் மறுமுனையில் காதை வைத்திருந்தார். விரலிடுக்கில் சாக்பீஸ்.

"என்னய்யா பண்றீங்க இங்க?" என்று அதட்டினார் போலீஸ்காரர்.

"உஷ்!" என்றார் ஒட்டுக்காது, போலீஸைப் பார்த்து. ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, மூன்றாவது கோட்டைப் போட்டு, அதற்கப்புறம்தான் நிமிர்ந்தார். சீருடையைக் கண்டதும் மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். தண்ணீர் வாரியம். முப்பது வருஷமாகத் தெருத்தெருவாகக் கம்பியை ஊன்றி, பூமிக்குள் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று காதால் கண்டுபிடிக்கிற வேலை. வண்டி ஓட ஆரம்பித்தால் எதுவும் கேட்காது, அதனால் விடியுமுன்னே போவது.

"இந்தச் சுவத்துக்குள்ள குழாய் ஒழுகுது சார். மூணு நாள் ஒரே இடத்துல கேட்டாத்தான் எங்களுக்கு உறுதி. ஒரு தடவை அவசரப்பட்டு இடத்தைச் சொல்லி, நல்ல ரோட்டை வெட்டி, ஊரே ஏசிச்சு. அதுலேருந்து மூணு கோடு விழறவரைக்கும் வாயே திறக்க மாட்டேன்."

போலீஸ்காரர் தானும் கம்பியில் காதை வைத்துப் பார்த்தார். "ஆமாய்யா, உஸ்ஸுங்குது!" என்று வாய்விட்டுச் சிரித்தார். தையல்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அப்பாடா என்று அவள் மூச்சு விட்டது அந்த ஒரு கணம்தான்.

"சரி, உள்பக்கச் சுவத்தையும் ஒரு பார்வை பார்த்துட்டு எழுதி முடிச்சுடறேன்."

"உள்ள பாக்க வேணாம் சார்" என்று ஒட்டுக்காது சட்டென்று குறுக்கே வந்தார். "உள்ள ஒண்ணும் இல்ல. எனக்கு வெளியிலேருந்தே தெரியும்."

"வேணாம் சார்" என்று தையல்காரம்மாவும் பதறினாள். அந்தக் குரல் கேட்டுக் குழந்தை தாழை எக்கித் திறந்துவிட்டது. "பெரியம்மா!" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது.

போலீஸ்காரர் குழந்தையைப் பார்த்தார். பின்னால் பதறி ஓடிவந்த தங்கையைப் பார்த்தார். "இந்தப் பாப்பா படம் எங்க சுவத்துல இருக்கே. தேடறோம்மா உங்களை. உங்க புருஷன் புகார் கொடுத்திருக்கார்."

தங்கை, கோணலாகச் சேர்ந்திருந்த மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். அவர் முகம் வாடித்தான் போயிற்று. "அதைத் தனிப் புகாரா கொடுங்க, எடுத்துக்கறேன். விலாசம் சொல்ல மாட்டேன். ஆனா ஆள் கிடைச்சாச்சுன்னு இன்னிக்குள்ள சொல்லியாகணும், அது விதி." எந்த ஸ்டேஷனிலிருந்து சேதி வந்தது என்று தெரிந்தால் போதாதா? தையல் மெஷின் வைத்திருக்கும் அக்காவைக் கண்டுபிடிக்க லாரிக்காரனுக்கு ஒரு நாள் ஆகுமா? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள் பாவி.

அவர் போனபின் ஒட்டுக்காது கம்பியைப் போர்வையில் சுற்றினார். தையல்காரம்மாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சிடுங்கண்ணே. உங்களைப் போய்..."

"குடிவந்த வாரமே தெரியும்மா. ரெண்டு பெரியவங்க நடை, ஒரு சின்ன நடை. வீட்டுக்காரர்கூடக் கேட்டார், அந்தம்மா தனியாத்தானே இருக்காங்கன்னு. ஆமான்னுட்டேன். வெறும் மெஷின் சத்தம் எனக்குக் கேக்குற மாதிரி வேற யாருக்காவது கேட்டுடப் போகுதேன்னுதான் அன்னிக்குச் சொல்ல வந்தேன். எனக்கு ஒழுங்காப் பேச வராதும்மா."

உள்ளே தங்கை பையை அடைத்து முடித்திருந்தாள். திட்டவில்லை, அழவில்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

"நானும் வர்றேன்டி."

"வேணாம். உன்னை வெச்சுத்தான் எங்களைத் தேடுவான். நீயும் பத்து நாளைக்கு எங்கயாவது போயிரு."

"போய்ச் சேந்ததும் எங்க இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அது போதும்."

தங்கை குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட்டு நிமிர்ந்தாள். "சொல்ல மாட்டேன்க்கா. நீ கெட்டவ இல்ல. ஆனா உனக்குப் பயம் வந்தா, யார்கிட்டயாவது ஓடிப் போய்ச் சொல்லிடுவே."

படியில் இரண்டு பேரும் இறங்கும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குப் போனால் தெரு முனையில் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று தெரியும். தையல்காரம்மா போகவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது என்று நடு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.