ஒரே ஒரு சிவப்புக் கட்டம்

பள்ளிக்கு யாராவது பெரிய மனிதர் வந்தால் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்டதும் வகுப்பே கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவள் வலது கை, தெரியாதவள் இடது கை. டீச்சர் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். வந்தவர்கள் அசந்துபோய், காபி குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். மயிலாப்பூரில் நான் படித்த பள்ளியிலும் இதே கூத்துதான். கணக்கில் நான் எப்போதும் இடது கை. இப்போது அதே மயிலாப்பூரில், வேறொரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு நான் கணக்கு டீச்சர். இந்தக் கூத்து என் வகுப்பில் நடக்காது என்று சேர்ந்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அதற்குத் தோதாகப் போனில் ஒரு ஆப் கிடைத்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் கறுப்புக் கட்டங்கள் அச்சடித்த ஒரு சதுர அட்டை. நாலு பக்கத்துக்கும் ஏ, பி, சி, டி. தன் விடை எந்த எழுத்தோ அந்தப் பக்கம் மேலே வருகிற மாதிரி அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நான் போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு தடவை ஓட்டினால் போதும். புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் அவரவர் அட்டை எண் ஒரு கட்டமாகத் தெரியும்: சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. ஒருத்தியின் அட்டை மாதிரி இன்னொருத்தியின் அட்டை இருக்காது, அதனால் காப்பியடிக்க வழியில்லை. பிள்ளைகளிடம் போனும் தேவையில்லை. மாட வீதி ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, புடவை டப்பாக்களை வெட்டி ஒட்டினேன். லேமினேட் செய்யச் சொன்னார் தலைமையாசிரியை. செய்தால் பளபளத்து கேமராவுக்குப் பிடிபடாது என்று மறுத்தேன். எங்களுக்குள் முதல் உரசல் அதுதான்.

ஆரம்பத்தில் சுவரெல்லாம் சிவப்பு. எனக்கே திக்கென்றது. ஆனால் யாருக்கு எங்கே உதைக்கிறது என்று முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். நொச்சிக்குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண், கடைசி பெஞ்ச், வகுப்பில் வாயே திறந்ததில்லை. அவள் அட்டைதான் தினமும் முதலில் மேலே வரும். பெரும்பாலும் தப்பு. இருக்கட்டுமே, வந்ததே!

அப்போதுதான் அந்தப் புரொஜெக்டரை வாங்கிக் கொடுத்த தி. நகர் துணிக்கடை முதலாளி வகுப்பைப் பார்க்க வருகிறார் என்றார்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ன கேள்வி கேக்கப் போறீங்க?"

"மைனஸ் மூணுலேர்ந்து மைனஸ் அஞ்சைக் கழிக்கணும் மேடம். விடை ரெண்டு, ஏ பக்கம். போன வாரம் நெறைய பேருக்குத் தப்பாச்சு, அதான்."

"விடைய முன்னாடியே சொல்லிக் குடுத்துடுங்க. எல்லாம் பச்சையா இருக்கணும். ஒரு சிவப்பு தெரிஞ்சாலும் ஒன்பது பி உங்களுக்குக் கிடையாது."

"சொல்லிக் குடுக்க மாட்டேன் மேடம்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்த வகுப்பை விட எனக்கு மனசில்லை.

முதலாளி வந்தார். கேள்வியைப் போட்டேன், அட்டைகள் எழுந்தன, கேமராவை ஓட்டினேன். சுவரில் பச்சை, பச்சை, பச்சை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. ஒரே ராத்திரியில் இப்படி ஞானம் வருமா? நடுவில் ஒரே ஒரு சிவப்பு. கடைசி பெஞ்ச். சி பக்கம், மைனஸ் எட்டு.

முதலாளி கை தட்டிவிட்டு, "அந்த ஒண்ணு யாரும்மா?" என்றார்.

"அது கொஞ்சம் வீக் சார். வாங்க, டிபன் ஆறிடும்" என்று அவரை அனுப்பிவைத்துவிட்டு, தலைமையாசிரியை அந்தப் பெண்ணை வாசலுக்குக் கூப்பிட்டார். நானும் கூடவே போய் நின்றேன்.

"கணக்குக் கேள்விக்கு எல்லாரும் ஏ பக்கம் பிடிங்கன்னு காலைல பிரேயர்ல சொன்னேனா இல்லையா? காது கேக்கலியா?"

பிரேயர் நேரத்தில் நான் வகுப்பில் புரொஜெக்டரை மாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயெடுப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"கேட்டுச்சு மேடம். எனக்கு சி தான் வந்துச்சு. வராத விடைய எப்டி மேடம் காட்றது?"

அட்டையை அவள் கீழே விடவில்லை. தலைமையாசிரியை அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளைலேர்ந்து இந்த வகுப்புக்கு வேற டீச்சர் வருவாங்க."

சொன்னபடியே மறுநாள் வகுப்பை என்னிடமிருந்து எடுத்தும் விட்டார். எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அன்றைக்கு அந்தப் பீரியடில் மிச்சம் இருந்தது என்னுடையது. அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"அதே கேள்வி. யாரு சொன்னதும் வேணாம். உங்களுக்கு என்ன வருதோ அதைப் பிடிங்க."

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். ஒரு அட்டை மெதுவாகத் திரும்பியது, பிறகு இன்னொன்று. கேமராவை ஓட்டினேன். சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை சிவப்பு. கடைசி பெஞ்சில் அவள் முதல்முறையாகச் சிரித்தாள், பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கரும்பலகையை அழித்து, நீளமாக ஒரு எண்கோடு இழுத்து, நடுவில் பூஜ்யம் போட்டேன்.