ஆணி அடிக்காத பொல்லுகள்

பெரிய சுறாவைத் தோணிக்குள் இழுத்துப் போட்டால், உடனே தலையில் அடித்துக் கொல்ல வேண்டும். வெறும் தடியால் அடித்தால் அது இன்னும் துள்ளி ஆளின் காலைக் கிழித்துவிடும். அதனால் பாலைக் கம்பு ஒன்றின் நுனியைக் குடைந்து ஈயம் ஊற்றுவோம். அதுதான் பொல்லு. திருகோணமலைத் துறைமுகப் பக்கம் நான் கிழிந்த வலைகளைப் பொத்துகிறவன். வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிற இரும்புத் தாச்சி என்னிடம் இருந்ததால் பொல்லு வேலையும் என்னிடமே வந்தது.

ஈயம் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். ஆகவே ஊற்றுவதற்கு முன்பு குழிக்குக் குறுக்கே ஒரு ஆணி அடித்துவிட வேண்டும். ஈயம் அதைப் பிடித்துக்கொண்டு இறுகும். ஆணி இல்லாத பொல்லும் பார்வைக்கு நல்ல பொல்லு மாதிரித்தான் இருக்கும். ஓங்கி இரண்டு மூன்று அடி அடித்த பிறகுதான் கட்டி கழன்று பறக்கும்.

அந்த வருடம் சுருக்குவலைக்காரருக்கும் எங்கள் கரைவலைக்காரருக்கும் பெரிய பகை. நாங்கள் வலை வளைக்கிற இடத்துக்குள்ளேயே அவர்கள் எஞ்சின் பூட்டின போட்டில் வந்து மீனை அள்ளிப் போனார்கள். ஒருநாள் கரையில் நின்று நாங்கள் வலையை இழுக்கிற கயிற்றையும் வெட்டிவிட்டார்கள். பின்னேரம் எங்கள் சம்மாட்டி என் கொட்டிலுக்கு வந்தார். வலைக்குச் சொந்தக்காரர். பதினைந்து வருடம் அவருடைய வலையைத்தான் நான் பொத்தினேன். அவருக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

"தம்பி, ஆறு பொல்லு வேணும். விடியக் காலமை வேணும்."

"சுறா பட்டிருக்கா அண்ணன்?"

"ஓம், ரெண்டு கால் சுறா" என்றான் பின்னால் நின்ற ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மச்சான், மனைவியின் தம்பி, அந்தச் சுருக்குவலைப் போட்டில்தான் வேலை செய்தான். தாய் தகப்பன் இல்லாமல் எங்கள் வீட்டில் வளர்ந்தவன். அவன் தலையில் என் கையால் வார்த்த ஈயம் விழப் போகிறது. ஏலாது என்று சொல்ல வேண்டும். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு எப்போதும் வாய் வராது. தலையை ஆட்டிவிட்டேன்.

ஆறு கம்பையும் குடைந்தேன். ஈயத்தை உருக்கி ஊற்றினேன். ஒன்றுக்கும் ஆணி அடிக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். போட் மறுபடியும் வந்து எங்கள் கயிற்றின் மேலால் ஓடியது. இந்தத் தடவை கயிறு அவர்களுடைய எஞ்சின் காற்றாடியில் சுற்றிக்கொண்டது. எஞ்சின் நின்றுவிட்டது.

"இழுங்கடா!" என்று சம்மாட்டி கத்தினார்.

வலை இழுக்கிற மாதிரியே இருபது பேர் கயிற்றை இழுத்தார்கள். போட் கரையைப் பார்த்து வந்தது. அதில் நின்றவர்கள் துடுப்புகளைத் தூக்கினார்கள்.

"கயிறு இழுக்கிற கிழட்டுக் கூட்டம்! பல்லு மிச்சம் இருந்தா வாங்கடா!"

"தண்ணியில நிண்டு குரைக்காத, இறங்கடா!"

இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பக்கமும் மோதின. சம்மாட்டியின் முதல் அடி ஒருவனுடைய வாயில் விழுந்தது. அவன் கையால் வாயைப் பொத்தினான். விரல்களுக்கு நடுவே இரத்தமும் பல்லும் வந்தன. இன்னொருவனின் தோள் எலும்பு உடைந்த சத்தம் கரையில் நின்ற எனக்குக் கேட்டது. ஆணி இல்லாவிட்டாலும் முதல் அடிக்கு ஈயம் தாங்கும் என்று தெரிந்தும், அதை நான் யோசிக்கவே இல்லை. ஒருவனைத் தண்ணீருக்குள் அமுக்கி இரண்டு பேர் மிதித்தார்கள்.

போட்டுக்கு முன்னால், தண்ணீரில் துடுப்போடு மச்சான் நின்றான். என்னைக் கண்டுவிட்டான்.

"அத்தான், நீங்க வராதீங்க! அங்கயே நில்லுங்க!"

அவன் என்னைப் பார்த்த அந்த நேரத்தில்தான் சம்மாட்டி அவனுடைய தலைக்குப் பொல்லை வீசினார். வீச்சிலேயே ஈயம் கழன்றது. அவனுடைய காதைத் தாண்டிப் போய்த் தண்ணீரில் விழுந்தது. வெறும் கம்பு மச்சானின் தோளில் பட்டுத் துள்ளியது. சம்மாட்டி அடியை மறந்து கம்பின் நுனியைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். மச்சான் துடுப்பைத் திருப்பி, அதன் விளிம்பால் அவருடைய தலையில் இறக்கினான். தேங்காய் பிளக்கிற மாதிரி இருந்தது. அவர் குப்புற விழுந்தார். மச்சான் இன்னொரு தடவையும் அடித்தான்.

அதோடு சண்டை நின்றது. இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து அவரைத் தூக்கினார்கள்.

மச்சானை ரிமாண்டில் போட்டார்கள். "உயிரோட இருக்கிறான், அது போதும்" என்று என் மனைவி அழுதாள். எனக்கும் போதும் என்றுதான் பட்டது. பொல்லைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. கம்பு ஈரமாக இருந்து ஈயம் கழன்றிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு சம்மாட்டியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலது கையும் காலும் இயங்கவில்லை. "தம்பியின்ர வேலையில பிழை இருக்காது, என்ர கெட்ட காலம்" என்று பார்க்க வருகிறவர்களிடம் அவர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அதன் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம், அங்கே வெளியாட்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்று பார்த்துப் போனேன்.

"அண்ணன், நான் ஆணி அடிக்கல்ல."

ஒவ்வொரு சொல்லாகத்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

"எத்தினைக்கு?"

"ஆறுக்கும்."

"மச்சானுக்காகவா?"

"ஓம்."

வாயோரத்தால் எச்சில் வடிந்தது. "ஏலாது எண்டு... சொல்லியிருக்கலாமே. வெறுங்கையோட எண்டா... நான் முன்னுக்குப் போயிருக்க மாட்டன்."

அவருடைய மனைவி குசினியிலிருந்து கஞ்சிக் கோப்பையோடு வந்தா. நாங்கள் கதைத்தது எதுவும் அவவுக்குக் கேட்டிருக்கவில்லை.

"நல்ல நேரம் வந்தீங்க தம்பி. தலையைக் கொஞ்சம் உசத்திப் பிடியுங்க. தனிய எனக்கு ஏலாது."

பிடித்தேன். ஆஸ்பத்திரியில் மண்டை எலும்பு எடுத்த இடம் என் விரல்களுக்குக் கீழே மெத்தென்று இருந்தது. கஞ்சி முடியும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.