நேத்து மீன்தானே?

மந்தைவெளியில் மீன் விற்கும் தேவானைக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறவர்களை அறவே நம்ப மாட்டாள். மீன் புதுசா என்று கேட்டால் எந்த மீன்காரி பழசு என்பாள்? அவளே சொன்னதில்லை. அதனால் காலையில் பட்டினப்பாக்கம் கரையில் மீன் எடுக்கும்போது கேள்வியைத் திருப்பிப் போடுவாள்.

"இன்னா, நேத்து மீன்தானே இது?"

மீனை அன்றைக்கே பிடித்து வந்தவனுக்குச் சுருக்கென்று கோபம் வரும். கூடையை இழுத்துக்கொண்டு சண்டைக்கு வருவான். அவனிடம்தான் வாங்குவாள். "நீ சொன்னா சரிதாங்க்கா, பாத்து எடுத்துக்கோ" என்று குழைகிறவன் பக்கம் திரும்பவே மாட்டாள்.

அவள் புருஷன் முருகையன் ஆட்டோ ஓட்டியவன். இரண்டு கிட்னியும் பழுதாகி, இப்போது டயாலிசிஸில் உயிர் ஓடுகிறது. தண்ணீரையே அளந்துதான் குடிக்க வேண்டும். இளநீர் கூடவே கூடாது, நெஞ்சு நின்றுவிடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

மகள் அவன் போனில் பேசும் ஏஐ ஒன்றைப் போட்டுக் கொடுத்ததிலிருந்து பகலெல்லாம் அதனோடுதான் பேச்சு. எதைக் கேட்டாலும் "அருமையான கேள்வி ஐயா!" என்றுதான் ஆரம்பிக்கும். ஆயுசுக்கும் சவாரி வருகிறவர்களிடம் திட்டு வாங்கியவனுக்கு அந்த ஐயா இனித்தது. தேவானைக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு தேன் எதற்கு ஒழுகுகிறது?

ஒருநாள் மத்தியானம் கூடையோடு வீட்டுக்குள் நுழைந்தால், கட்டில் பக்கத்தில் சீவிய இளநீர், இன்னும் வாய் வைக்காமல்.

"இன்னாயா இது?"

"கத்தாதமே. இதாண்ட கேட்டுட்டுதான் வாங்கினேன். நீயே கேளு." போனை எடுத்தான். "டயாலிசிஸ்ல கீறேன். வெயிலு கொளுத்துது. இளநி இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாதுல்ல?"

"மிகச் சரியாகச் சொன்னீர்கள் ஐயா! இளநீர் இயற்கையின் கொடை. அளவோடு தாராளமாக அருந்தலாம்."

தேவானை போனைப் பிடுங்கினாள். "தோ பாரு. டயாலிசிஸ் ஆளு இளநி குட்சா உசுருக்கே ஆபத்துதானே?"

"மிகச் சரியாகச் சொன்னீர்கள் அம்மா! கண்டிப்பாகக் குடிக்கக் கூடாது. முந்தைய பதிலுக்கு மன்னிக்கவும்."

"பாத்தியா? ஒரு சண்ட போட்டுச்சா? நேத்து மீனுயா இது!"

இளநீரை வாசலில் கொண்டுபோய்க் கொட்டினாள். அவன் இதைக் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. முருகையன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சாயங்காலம் அவன் தூங்கும்போது போனை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ முறை கேட்க நினைத்து, பயந்து, கேட்காமலே திரும்பிய கேள்வி அது.

"எங்க வூட்டுக்காரு பொழச்சிக்குவாருல்ல?"

"நிச்சயமாக அம்மா! இவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொள்ள நீங்கள் இருக்கும்போது என்ன கவலை? அவர் விரைவில் பூரண நலம் பெறுவார்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதைச் சொல்ல இத்தனை நாளாக ஒரு வாய் கிடைக்கவில்லையே என்றிருந்தது. மறுகணமே மத்தியான இளநீர் ஞாபகத்துக்கு வந்தது. அதே குரல், அதே குழைவு.

திருப்பிக் கேட்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. கரையில் தினமும் கேட்கிற மாதிரிதான், ஒரே ஒரு கேள்வி.

தேவானை கேட்கவில்லை. போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே அவன் மூச்சு வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.