தம்பியின் இரத்தத்தில் சிவப்பு எழுத்து

குரங்குக்கு இரத்தம் எடுக்கிற வேலை என்று தெரிந்ததுமே, என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஊசி பிடித்துப் பிழைக்கும் என் சக பாவிகளே, உங்களிடமாவது ஆட்கள் கையை நீட்டுவார்கள். மலாக்காவில் நான் வேலை பார்க்கும் தனியார் விலங்குப் பூங்காவில் என் ஆட்கள் பல்லைத்தான் காட்டுவார்கள்.

வெறும் வயிறு

தம்பி எங்கள் பூங்காவின் கிழட்டுக் குரங்கு. குட்டியாக வந்தபோது, கூண்டைப் பார்த்துக்கொள்ளும் முனியாண்டி அண்ணன் வைத்த பெயர். பல் கொட்டிய பிறகும் தம்பிதான். ஒருமுறை அவன் இரத்தத்தில் சர்க்கரை எகிறியிருந்தது. அன்று காலையில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். விசாரித்தால், பாதிச் சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழம் உள்ளே போயிருக்கிறது. கத்தித் தீர்த்தேன். அண்ணன் அசரவில்லை. "பசியோட ஊசியும் குத்தறதா? நீ வேணா சாப்பிடாம வேலைக்கு வாயேன் லா, தங்கச்சி."

சிவப்பு

மறுவாரம் பட்டினி போட்டு எடுத்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. சிறுநீரகத்துக்காகப் பார்க்கிற அளவு மட்டும் கொஞ்சம் கூடுதலாகி, கணினியில் சிவப்பாக வந்தது. கணினியில் இருக்கும் இயல்பு அளவு இளங்குரங்குகளின் இரத்தத்தை வைத்துப் போட்டது. வயதானால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். தம்பியோ நன்றாகத் தின்றான், கம்பியில் தொங்கினான். புதிதாக வந்திருந்த டாக்டர் பெண்ணிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்க சொல்றது கரெக்ட்தான்க்கா. ஆனா வயசான குரங்குக்கு சிஸ்டத்துல ரேஞ்சே இல்லையே, நான் என்னான்னு எழுதறது?"

கூண்டு தேவை

'சிறுநீரகக் கோளாறு' என்று எழுதினாள். மேனேஜருக்கு அது போதும். இளம் ஜோடி ஒன்று வரவிருந்தது, கூண்டு வேண்டும். நோயாளி என்றால் ஊசி போட்டு முடித்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று அவர் அறை வாசலில் நின்று கெஞ்சினேன். அவர் போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "டிக்கெட் வாங்கறவன் கிழட்டு குரங்க பாக்கவா வர்றான்? நீ ஒன் வேலய பாரு மா."

கடைசி ஊசி

முனியாண்டி அண்ணன் கூப்பிட்டதால்தான் தம்பி வந்து அவர் மடியில் உட்கார்ந்தான். வேறு யாராவது கூப்பிட்டிருந்தால் கூண்டையே உலுக்கியிருப்பான். மருந்து ஏறி, தலை சாய்ந்தது. என்ன நோய் என்று எழுதியிருக்கிறார்கள் என அண்ணன் கேட்டார். சொன்னேன். அவர் அவனைக் கீழே வைக்கவே இல்லை. "நோயா? வயசுதான்மா ஆச்சு இவனுக்கு."

அதே கணினியில்தான் இன்றும் வேலை பார்க்கிறேன். எனக்கும் தலை நரைத்துவிட்டதால், கம்பெனியில் ஊழியர்களுக்கு இரத்தப் பரிசோதனை வைக்கிற நாளில் மட்டும் தவறாமல் எம்சி வாங்கி மருத்துவ விடுப்பு எடுத்துவிடுகிறேன்.