உங்கட கிணத்துத் தண்ணி கூடாது

என்னைப் போலக் கிணற்று நீரைப் பரிசோதிக்கிறவளை எல்லோரும் ஆசையாக வரவேற்பார்கள். தண்ணீர் கூடாது, குடிக்க உதவாது என்று சொன்ன பிறகு வழியனுப்ப நாய்கூட வராது. வீட்டுக் கிணற்றை நம்பி வாழ்கிற உங்களுக்கு இது புரியும்.

லீவில் வரும் மகன்

ஓட்டமாவடியில் ஒரு உம்மா அவசரமாகக் கூப்பிட்டார். கட்டாரில் வேலை செய்யும் மகன் லீவில் வருகிறானாம். வந்திறங்கியதும் வீட்டுக் கிணற்றில் அள்ளிக் குடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு அழைப்பிலும் சொல்கிறானாம். போத்தலில் எடுத்துப்போய்ப் பார்த்தால், கிருமி. மலசலகூடக் குழி கிணற்றுக்கு மிகக் கிட்ட இருந்தது. குழியை மாற்றும்வரை கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னேன். உம்மா அதைப் போனில் மகனிடம் சொன்னார். ஸ்பீக்கரில் மகனின் குரல் வந்தது: "கொதிச்சாறின தண்ணி இங்கயும் இருக்கு உம்மா, அதுக்கா நான் வாறன்?"

மழைக்குப் பிறகு

கதிரவெளியில் கடலுக்குக் கிட்டக் குடியிருக்கும் ஒரு அக்காவின் கிணறு உப்பாகிவிட்டது. குடிக்க பவுசர் வண்டியில் வரும் தண்ணீர்தான். ஒவ்வொரு மாரி முடிவிலும் என்னைக் கூப்பிடுவார். நான் உப்பளக்கும் மீட்டரை நீரில் வைப்பேன். அவர் மீட்டரைப் பார்க்க மாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார். இந்த முறையும் உப்பு குறையவில்லை. "பரவால்ல புள்ள, அடுத்த மாரிக்கும் வாங்க."

வாழைச்சேனை மீனவர்

மீனவரின் குழந்தைக்கு அடிக்கடி வயிற்றோட்டம். தண்ணீர்தான் காரணமாக இருக்கும் என்று டாக்டர் சொன்னதும், மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். தண்ணீர் சரியானால்தான் வருவாளாம். நான் சோதித்தேன், கிருமி இருந்தது. அவர் கிணற்றுக்குக் கிட்ட இருந்த மலசலகூடக் குழியை மூடி, வளவின் அடுத்த மூலையில் புதிது வெட்டினார். கிணற்றுக்கட்டின் வெடிப்புகளைப் பூசி, குளோரினும் போட்டார். மறுபடி பார்த்தேன், இன்னும் கிருமி. அவர் வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் விடவில்லை. கிணற்றை இறைத்து, திரும்பவும் குளோரின் போட்டு, மணம் போகும்வரை காத்திருந்து என்னைக் கூப்பிட்டார். இந்த முறை முடிவு நல்லது. நேரில் சொல்லப் போனபோது, பிள்ளையின் சின்னச் சைக்கிளைக் கழுவிக் காயவைத்திருந்தார். முடிவைக் கேட்டதும் மனைவிக்குப் போன் போட்டு என் கையில் தந்துவிட்டார். சொன்னேன். அவள் உடனே சொன்னாள்: "சரியெண்டா நான் இண்டைக்கே வாறன். அவர் ஒழுங்காச் சாப்பிடுறாரா அக்கா?"

எனக்கு இந்த வேலையில் தெரிந்தது இவ்வளவுதான்: தண்ணீர் நல்லதென்றாலும் தேத்தண்ணி தருவார்கள், கூடாதென்றாலும் அதே தண்ணீரில் ஊற்றித் தருவார்கள், குடித்துவிட்டுத்தான் வர வேண்டும்.