நெஞ்செரிச்சலுக்கு நான் கொடுத்த மாத்திரை

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று சொந்த டிராக்டரில் கரும்பு ஏற்றுகிறேன், நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன். என் நெஞ்செரிச்சலையும் விடாப்பிடியாக இருந்துதான் அடக்கினேன். டாக்டர் சொன்னபடி காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, காரம் கம்மி, சாப்பிட்டதும் படுப்பதில்லை. அதிலிருந்து கரும்பு வெட்டும் ஆட்களுக்கும் நானே வைத்தியன் ஆகிவிட்டேன்.

போன வருடக் கரும்பு வெட்டின்போது, ஆட்களில் ஒருவனான மாரி வரப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. மற்றவர்கள் தள்ளி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நெஞ்சு எரியுதுங்க மேஸ்திரி. கையும் இழுக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாங்களா?”

“காத்தால இன்னா துன்ன?”

“பழைய சோறு, பச்சமொளகாங்க.”

“அப்புறம் எரியாம குளுருமா? இத்தப் போட்டுக்கினு குந்துடா. என் எரிச்சலையே நிறுத்துன மாத்திரை.”

வெட்கத்தோடு சிரித்து, வாங்கி விழுங்கினான்.

அரை மணி நேரத்தில் சரிந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. மாரடைப்பு என்றார் டாக்டர். வலி வந்ததுமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பானாம்.

காரியத்தன்று அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்களாவது மாத்திரை குடுத்துப் பாத்தீங்களேண்ணா.”

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவன் கேட்டதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.