கார்டு இல்லாமல் எடுத்த படங்கள்

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டேப்பு என்றால்தான் தெரியும். ரிப்பேருக்கு வருவது எந்தக் கேமராவாக இருந்தாலும் முதல் வேலையாக அதன் பின்பக்கத் திரையில் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவார். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவார். அடுத்தவர் வீட்டுப் படம் தன் கண்ணில் படக் கூடாதாம். “கண்ணைக் கட்டிக்கிட்டு ஆபரேஷன் பண்ற டாக்டரு நீங்க ஒருத்தர்தான் அத்தான்” என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

ஒரே கடையை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். வாசல் பக்கம் என்னுடைய போன் கவர்களும் சார்ஜர்களும். உள்பக்கம் அவருடைய மேஜை. சுவரில் முதுகு உரசும்படி நாற்காலியைப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஜன்னல் அவருக்குப் பின்னால். வெளிச்சம் முதுகில் விழும், அவர் நிழல் அவர் கைமேலேயே விழும். நுணுக்கமான வேலை செய்கிறவன் எவனாவது இப்படி உட்காருவானா? முன்பெல்லாம் ஒழுங்காக ஜன்னலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் வந்து மேஜையைத் திருப்பிப் போட்டார். “பின்னால யாராவது வந்து நின்னா தெரிய மாட்டேங்குது” என்றார். அவருடைய ஒரே மகள் இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதனால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

தொழிலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கேமராவைக் கையில் வாங்கும்போதே பாதி தெரிந்துவிடும். படமெல்லாம் வெள்ளை வெளேரென்று வந்தால் லென்ஸுக்குள் வெளிச்சத்தைக் குறைக்கும் இதழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லென்ஸ் வெளியே வந்து கரகரவென்று நின்றால் மணல். கோடு கோடாக ஊதா நிறம் வந்தால், “இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருவர் படமெல்லாம் மங்கலாக வருகிறது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். அத்தான் லென்ஸைப் பார்த்தார், சட்டை நுனியால் துடைத்தார், நீட்டினார். அவ்வளவுதான். “கைரேகை சார். போலீஸுக்கு உதவும், போட்டோவுக்கு உதவாது.” மனிதருக்கு இப்படியெல்லாம் பேச வரும். ஆனால் சரி செய்த கேமராவைச் சோதிக்க வாடிக்கையாளர் ஒரு படம் எடுத்து, அந்தக் கிளிக் சத்தம் கேட்டுவிட்டால் போதும், முகம் செத்துவிடும். அவருக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது. இருந்தும் திரும்பிச் சுவரைப் பார்ப்பார்.

ஊரார் கேமராவையெல்லாம் சரி செய்த இந்த மனிதர், வீட்டில் இருந்த ஒரே கேமராவை இரண்டு வருடம் நாளைக்கு, நாளைக்கு என்றே ஓட்டினார். படம் பதிகிற கார்டை வைத்தால் கேமரா அதைப் படிக்காது. அரை மணி நேர வேலை. அதனால் மகளுக்கு ஏழு வயதுக்குப் பிறகு படமே கிடையாது. அப்போது எங்கள் கையில் இருந்த போன்கள் பேச மட்டும்தான் லாயக்கு. ஒன்பது வயதில் பதினோரு நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். எட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து புருவத்தில் தழும்பு வந்ததே, அது இடதா வலதா? அக்கா இடது என்பாள். அத்தான் வலது என்பார். சோற்றில் கை வைத்துக்கொண்டே இருவரும் வாதாடுவார்கள். தூக்கி வளர்த்த எனக்கே தெரியவில்லை. பெற்றவர்களுக்கே பிள்ளையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கொடுமை வேறு இல்லை.

அந்தக் கேமரா வீட்டு அலமாரியில் ஒரு பழைய காலுறைக்குள் கிடந்தது. அவள் போன புதிதில் அக்கா கேட்டிருக்கிறாள், அதில் ஏதாவது படம் இருக்குமா என்று. “கார்டைப் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல” என்றார் அத்தான். அக்கா நம்பிவிட்டாள்.

போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் கடைக்கு வந்தாள். இப்போது பழைய கேமராவில் படம் எடுப்பது ஒரு மோகமாகிவிட்டது அல்லவா? அவள் கொண்டுவந்ததும் எங்கள் வீட்டில் கிடந்த அதே மாடல்தான். ஏழெட்டுப் படம் எடுத்ததும் இடம் இல்லை என்று நின்றுவிடுகிறதாம். அத்தான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “கார்டை இது படிக்கலம்மா. அப்படி இருந்தா இந்த மாடலு தனக்குள்ளேயே வெச்சுக்கும். உள்ள கொஞ்சம் இடம் இருக்கு. எட்டு, ஒன்பது படம் பிடிக்கும். நீ எடுத்தது எங்கயும் போகல.”

மதியச் சாப்பாடு கொண்டுவந்த அக்கா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். டிபன் கேரியரை மேஜைமேல் வைத்தாள். அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தான் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கேரியரைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை, கடை திறந்ததும் அக்கா வந்தாள். மற்ற வாடிக்கையாளர்கள் நிற்கிற இடத்தில் நின்றாள். காலுறையிலிருந்து கேமராவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“ரிப்பேருக்கு வந்திருக்கேன்” என்றாள்.

அத்தான் வழக்கப்படி டேப்புக்குக் கை நீட்டினார்.

“டேப் வேணாம். இது நம்ம வீட்டுது.”

அவர் கை அப்படியே நின்றது. கேமராவைத் தொடாமலேயே சொன்னார்: “அதுக்குள்ள இப்ப ஒண்ணும் இருக்காது. நான் அழிச்சுட்டேன்.”

“என்னது?”

“காய்ச்சல் வந்த அன்னிக்குக் காலையில கடைக்கு வந்திருந்தா. படம் எடுக்க மாட்டேங்குதுன்னு நீட்டினா. கை பழக்கம்... அப்பல்லாம் மேஜைக்கு எது வந்தாலும் கார்டைக் கழட்டிக் கொடுத்துட்டு, கேமராக்குள்ள மிச்சம் இருக்கறத அழிச்சுட்டுத்தான் சோதிப்பேன். மூணு பட்டன். என்ன இருக்குன்னு பாக்கக்கூட இல்ல. சோதிக்க நேரம் இல்லாம அப்படியே ஓரமா வெச்சுட்டேன்.”

டேப் ஒட்டுகிற பழக்கம் எதற்கு வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரையில் படம் தெரிந்தாலே அந்த மூன்று பட்டன்தான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். இரக்கத்துக்குப் பதிலாக எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஏனென்றால் அழித்த படம் உடனே போய்விடுவதில்லை என்பது இந்தக் கடையில் எனக்கே தெரியும். அதன்மேல் புதிதாக எதுவும் பதியாதவரை அடியிலேயே கிடக்கும். தோண்டியெடுக்கிற மென்பொருள் அவர் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. படத்தைத் திறந்து பார்க்காமலேயே வாரத்துக்கு இரண்டு பேருக்காவது தோண்டிக் கொடுக்கிறார். அன்றைக்குப் பிறகு அந்தக் கேமராவை யாரும் தொட்டதுகூட இல்லை.

“அழிஞ்சத எடுக்க முடியுமாடா?” என்று அக்கா என்னைக் கேட்டாள், அவரை அல்ல.

“முடியும்னுதான் நெனைக்கிறேன்.”

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். “அப்புறம் ஏன் பண்ணல?”

“பாத்து, ஒண்ணும் இல்லன்னு ஆயிட்டா?”

“இருந்தா?”

அவர் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றார். பேட்டரி போட்டுக் கம்ப்யூட்டரில் கேபிளைச் சொருகியது நான்தான். அவர் இடத்தில் நானே உட்கார்ந்தேன். அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். “ஒரு படம் போதும். புருவம் தெரிஞ்சா போதும்” என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

நாற்பது நிமிடம் ஓடியது. ஒன்பது படம் கிடைத்தது.

முதல் படத்தில் ஒரு முதுகு. கட்டம் போட்ட சட்டை, குனிந்த கழுத்து, ஒரு பக்கம் மடங்கிக் கிடந்த காலர். இதே மேஜைதான், ஜன்னலைப் பார்த்துக் கிடந்த காலத்தில். இரண்டாவது படத்திலும் அதே முதுகு, இன்னும் கிட்டத்தில். மூன்றாவதில் நாற்காலிக்கு அடியில் அவர் கழற்றிவிட்ட செருப்பு. நான்கு, ஐந்து, ஆறு, எல்லாம் முதுகு. எல்லாமே கீழிருந்து, நாற்காலிச் சாய்மானத்தின் உயரத்திலிருந்து எடுத்தவை. அவள் அவ்வளவு உயரம்தான் இருந்தாள். ஏழாவது படத்தில் மூலையை மறைத்துக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் ஒரு கலங்கல். லென்ஸில் விரல் பட்டால் அப்படித்தான் வரும். அக்கா அந்த இடத்தில் தன் விரலை வைத்தாள். வெகு நேரம் எடுக்கவில்லை. எட்டாவதும் முதுகுதான்.

“அவ எதுலயும் இல்ல” என்றாள் அக்கா. பிறகு, “ஒண்ணுல கூட நீங்க திரும்பலையே” என்றாள்.

அத்தான் சுவரோரம் நின்றிருந்தார்.

ஒன்பதாவது படம் பாதிதான் மீண்டிருந்தது. மேல்பாதியில் அவருடைய முடி, நெற்றி, கண்கள். அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். மூக்கு இல்லை, வாய் இல்லை. ஆனால் அந்த ஒரு படத்தில் அவர் கேமராவைப் பார்த்துத் திரும்பியிருந்தார்.

அக்கா ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தாள். “இதுல திரும்பியிருக்கீங்க! சிரிச்சீங்களா?”

ஆமான்னு சொல்லித் தொலைங்களேன் அத்தான் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். அந்தச் சாம்பலுக்கு அடியில் என்ன இருந்தது என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது. ஒரு பொய், அக்கா ஆயுசுக்கும் அதை வைத்துக்கொண்டு ஓட்டிவிடுவாள்.

“இல்ல” என்றார். “திட்டினேன். ஒரு அவசர வேலை நடந்துக்கிட்டிருந்துச்சு. பின்னால கிளிக், கிளிக்னு சத்தம். ‘சனியனே, ஒரு நிமிஷம் நிம்மதியா விடுறியா’ன்னு கத்தினேன். அதத்தான் அவ எடுத்திருக்கா.”

வெளியே ஒருவர் வந்து ஏதோ போன் கவர் கேட்டார். கையசைத்து அனுப்பிவிட்டேன்.

“அழுதாளா?” என்று கேட்டாள் அக்கா.

“சிரிச்சா.” அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “‘அப்பாடா, இப்பதான் அப்பா மூஞ்சி வந்துச்சு’ன்னா. ஒரே குதி. இன்னொண்ணு எடுக்கப் பாத்தா, இடம் இல்லன்னு நின்னுடுச்சு. ‘அப்பா, எடுக்க மாட்டேங்குது’ன்னு நீட்டினா. வாங்கி அழிச்சேன்.”

அக்கா அவரையே பார்த்தாள். அவள் அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“அவ பேசினத பதினோரு வருஷமா நீங்க ஒருத்தரே வெச்சிருந்தீங்களா?” என்றாள். “எனக்குன்னு அவ கடைசியா என்ன சொன்னான்னு ஞாபகமே இல்லயே.”

அவர் தலை குனிந்தார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள் அக்கா. “அவ எப்படிச் சொன்னாளோ, அப்படியே.”

அவர் சொன்னார்.